ஊராட்சியின் ஆண்டறிக்கையை எழுதுவது எப்படி? காவிரிப் படுகைக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிராம சபையில் படிக்கப்படும் ஊராட்சி அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. எத்தனை மீட்டர் சிமெண்ட் சாலை போடப்பட்டது, எத்தனை தெருவிளக்குகள் மாற்றப்பட்டன, எந்தத் திட்டத்தில் எவ்வளவு தொகை வந்தது என்ற பட்டியலைச் செயலர் ஒரே மூச்சில் படித்து முடிப்பார். முன்வரிசையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கார்த்திகை மழையில் தங்கள் தெருவில் நின்ற தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லையே என்று பின்வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலையும். படித்தவற்றில் பொய் எதுவும் இராது. ஆனால் ஊர் கேட்க வந்தது அதை அன்று.

செய்து முடித்தவற்றையும் முடியாமற்போனவற்றையும் ஒரே கண்டிப்போடு சொல்லும் ஓர் ஆண்டறிக்கையைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள ஓர் ஊராட்சி எவ்வாறு ஆயத்தம் செய்யலாம் என்பதே இங்கு சொல்லப்படுகிறது. தலைவர், செயலர், வார்டு உறுப்பினர் ஆகியோருக்கு மட்டுமன்றி, அவர்களுக்கு உதவ முன்வரும் ஊர் இளைஞர்களுக்கும் இது பயன்படும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதை நாம் பார்த்தோம். நிர்வாகம் கைமாறும் இத்தகைய காலங்களில், முந்தைய ஆண்டில் எது எந்த நிலையில் நின்றது என்பதை எழுத்தில் விட்டுச்செல்லும் ஆண்டறிக்கை இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது.

எந்தக் கிராம சபையில் வைப்பது?

தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடைபெறுகின்றன. இவற்றுள் ஆண்டறிக்கைக்கு உரியது மே 1 என்பதே என் கருத்து. மார்ச் 31-இல் கணக்காண்டு முடிவதால் அறிக்கையைத் தொகுக்க ஒரு மாதம் கிடைக்கிறது என்பது எல்லா மாவட்டங்களுக்கும் பொருந்தும் காரணம். காவிரிப் படுகைக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மேட்டூர் அணையைக் குறுவை நெற்பயிருக்காக ஜூன் 12-இல் திறப்பது மரபு; அதற்கு முந்தைய கோடையில்தான் ஆறுகளும் வாய்க்கால்களும் வறண்டிருக்கின்றன, தூர்வாரும் பணியும் நடக்கிறது. சென்ற மழையில் எந்த வடிகால் அடைபட்டது என்பதை மே முதல் நாளில் ஊரறியச் சொன்னால், தண்ணீர் வருவதற்குமுன் அதைச் சீர்செய்ய ஆறு வாரங்கள் மிஞ்சும். அதையே ஆகஸ்ட் 15-இல் சொல்வோமானால் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எவரும் மண்வெட்டியோடு இறங்க முடியாது.

அறிக்கைக்கான வேலையை மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். கணக்கு மூடப்படும் வரை காத்திருக்க வேண்டியது பணத்தைப் பற்றிய பகுதி ஒன்றே ஒன்றுதான். ஏனையவற்றை முன்கூட்டியே எழுதிவிடலாம்.

தீர்மானப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

பலர் திட்டங்களின் பட்டியலிலிருந்து அறிக்கையைத் தொடங்குகிறார்கள். அது அரசு வகுத்த வரிசையே தவிர ஊர் வகுத்த வரிசை அன்று. மாறாக, சென்ற ஆண்டின் கிராம சபைத் தீர்மானங்களையும் ஊராட்சி மன்றத் தீர்மானங்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தாளில் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அதன் எதிரே முடிந்தது, நடந்துகொண்டிருக்கிறது, தொடங்கவில்லை, வேறு துறையின் கையில் உள்ளது என்ற நான்கில் ஒன்றை மட்டும் குறியுங்கள். தீர்மானம் நிறைவேற்றியதோடு மறக்கப்பட்டவை எத்தனை என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். அறிக்கையின் எலும்புக்கூடும் அதுவே.

அடுத்து, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிச் சாலைகளும் சிறு பாலங்களும், தெருவிளக்கு, வடிகால், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், இடுகாடு சுடுகாடு, குடிநீர் ஆகியவை ஊராட்சி கட்டாயம் கவனிக்க வேண்டிய கடமைகளாக அங்கே வகுக்கப்பட்டுள்ளன. இவற்றில் ஒன்றைப் பற்றி உங்கள் தாளில் ஒரு வரியும் இல்லையென்றால், அந்தப் பொருளில் குறையே இல்லை என்று பொருளாகாது. எவரும் பேசவில்லை என்றே பொருள். நம் பகுதியில் இவ்வாறு விடுபடுவது பெரும்பாலும் சுடுகாட்டுப் பாதைதான். மழைக்காலத்தில் வயல் வரப்பின் வழியே, நடவு செய்த வயலைக்கூட மிதித்துப் பாடையைத் தூக்கிச் செல்லும் குடியிருப்புகள் இன்னும் உள்ளன. பாதை இல்லாத மயானங்கள் எவை, இடையில் உள்ள நிலம் யாருடைய வகைப்பாட்டில் இருக்கிறது, அதற்காக வட்டாட்சியரிடம் என்ன கேட்கப்பட்டது என்பவை அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

பதிவேடுகளைப் பார்த்த பிறகு கால்நடையாக ஊரைச் சுற்றிவர வேண்டும். இதற்கு மேல்நிலைத் தொட்டி இயக்குபவரையும் தூய்மைக் காவலர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த வால்வு பழுது, எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, எந்த முனையில் குப்பை கொட்டப்படுகிறது என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் அலுவலகத்தில் எவரும் இல்லை. ஆயினும் அவர்களிடம் அறிக்கைக்காக யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆதிதிராவிடர் குடியிருப்பு, கீழத்தெரு, ஆற்றுக்கு அக்கரையில் ஒதுங்கி நிற்கும் குக்கிராமம் ஆகியவற்றிலிருந்து நடையைத் தொடங்கினால், நேரம் போதவில்லை என்று அவற்றை விட்டுவிடும் வழக்கமான பிழை நேராது.

குடிநீரை எப்படி அளப்பது?

‘அனைத்து வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வழங்கப்பட்டது’ என்ற வரி பல அறிக்கைகளில் உள்ளது. இணைப்பு இருப்பதும் தண்ணீர் வருவதும் வேறு வேறு. 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் என்றாகிறது. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் ஏறத்தாழ 15 குடம். ஒவ்வொரு தெருவிலும் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடமாகிறது என்று கைக்கடிகாரத்தால் பாருங்கள். கடைசி வீட்டில் மூன்று நிமிடமாகிறது, தண்ணீர் விடும் நேரமோ அரை மணி என்றால், அந்த வீட்டுக்குக் கிடைப்பது பத்துக் குடம். ஆளுக்கு 40 லிட்டருக்கும் குறைவு. இந்தக் கணக்கை எழுதிவிட்டால், தண்ணீர் விடும் நேரத்தை நீட்டுவதா, அந்தத் தெருவுக்குத் தனி வால்வு போடுவதா என்ற பேச்சு கிராம சபையில் தானாகவே எழும். ஊர் முழுவதற்கும் ஒரே சராசரி சொல்வதைத் தவிருங்கள். சராசரிக்குள் கடைசி வீடு மறைந்துபோகும்.

ஆற்றுப் பாசனத்தின் கடைக்கோடியான கடைமடையில், குறிப்பாக வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து ஊராட்சிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரையே நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே, குழாயில் தண்ணீர் வராத நாட்களின் எண்ணிக்கையை மாதவாரியாகக் குறித்து, அது ஊராட்சியின் தொட்டியிலிருந்து வரும் குழாயின் பழுதா, குடிநீர் வடிகால் வாரியத்தின் முதன்மைக் குழாயின் பழுதா என்று பிரித்துச் சொல்வது முறை.

பணம்

கணக்கின் சுருக்கத்தைப் படிவம் 30-இல் எழுதிப் பதாகையாக வைக்கும் நடைமுறை ஏற்கெனவே உள்ளது. ஆனால் அந்தப் பதாகையைப் படித்து விளங்கிக்கொள்பவர் மிகச் சிலரே. அறிக்கையில் செய்ய வேண்டியது, பணம் எங்கிருந்து வந்தது, அதை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடக் கூடாது என்பதை நான்கைந்து வாக்கியங்களில் விளக்குவதாகும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவை ஊரின் சொந்த வருவாய். மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் மேலிருந்து வருபவை. 15-ஆவது மத்திய நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே எனக் கட்டுப்படுத்தப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் பிற தேவைகளுக்குப் பயன்படுத்த முடிந்தது, ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்க முடியவில்லை. ‘பத்து லட்சம் வந்ததாமே, எங்கள் தெருவுக்கு ஏன் சாலை இல்லை?’ என்ற கேள்விக்கு, அதில் ஆறு லட்சத்தைச் சாலையில் போட விதி இடம் தரவில்லை என்பதே பதில். அந்தப் பதிலை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

வரியைப் பொறுத்தவரை கேட்பு (வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகை), வசூல், நிலுவை ஆகிய மூன்றையும் ஒரே வரியில், தெருவாரியாகக் கொடுங்கள். வசூலான தொகையை மட்டும் சொல்வது பாதி உண்மை. நிலுவை வைத்திருப்போரின் பெயர்களைச் சபையில் படிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. படிக்க வேண்டாம் என்பேன். அது வரி வசூலாக முடியாது, சாதிச் சண்டையாகவோ கட்சிச் சண்டையாகவோ முடியும்.

வேலைகளைப் பற்றி எழுதும்போது மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை, முடிந்த நாள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். முடியாத வேலையானால், பணத்தில் எத்தனை விழுக்காடு போயிற்று என்பதும் வேலையில் எத்தனை விழுக்காடு நடந்தது என்பதும் தனித்தனியே வர வேண்டும். செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஒன்றியப் பொறியாளரின் அளவுப் புத்தகத்தோடு இந்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று முன்னதாகவே சரிபார்த்துக்கொள்வது நல்லது. நூறு நாள் வேலையில் வெட்டிய குளம் என்றால், எத்தனை மனித நாட்கள் என்பதோடு நிறுத்தாமல், அந்தக் குளத்தில் மார்ச் மாதத்தில் தண்ணீர் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தண்ணீர் வந்ததும் வடிந்ததும்

காவிரிப் படுகை ஊராட்சியின் அறிக்கையில் அதிகப் பக்கங்கள் இந்தப் பகுதிக்கே உரியவை. இதனைத் துறைவாரியாக எழுதாமல் பருவவாரியாக எழுதுவது சிறந்தது என்று பரிந்துரைக்கிறேன். கோடையில் தூர்வாரல், ஆனி ஆடியில் குறுவைக்குத் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் மழையும் வடிகாலும், தை மாசியில் அறுவடையும் கொள்முதலும் என்று எழுதினால், கேட்பவர் தம் நினைவோடு ஒப்பிட்டு உடனுக்குடன் திருத்தம் சொல்ல முடியும்.

முதலில் பதிய வேண்டியது, மேட்டூரில் தண்ணீர் திறந்த நாளை அன்று, உங்கள் ஊர் மதகில் தண்ணீர் வந்துசேர்ந்த நாளை. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. முன்னதில் தூர்வாரும் வேலை முடியுமுன்பே தண்ணீர் புறப்பட்டது. பின்னதில் குறுவைக்கு ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் ஏமாந்தார்கள். இவற்றில் எதுவும் ஊராட்சியின் கையில் இல்லை. ஆனால் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வரும் தண்ணீர் நம் வாய்க்காலின் தலைப்புக்கு எந்த நாள் வந்தது, கடைசி வயலுக்கு எந்த நாள் ஏறியது என்ற இரண்டு தேதிகளுக்கும் இடையிலான இடைவெளி நம் வாய்க்கால்களின் நிலையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இதைப் பதிந்தால், எந்த வாய்க்கால் கெட்டுவருகிறது என்பதற்கு ஊரிடம் சான்று இருக்கும்.

அடுத்தது வடிகால். நம் நிலம் சமதளமானது. தண்ணீர் வருவதைப்போல எளிதாக வடிவதில்லை. ஆகவே தேங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் எந்தத் தெரு அல்லது எந்த வயற்பகுதி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, என்ன காரணம் என்று குறிக்க வேண்டும். காரணத்தைத்தான் கவனமாகப் பிரிக்க வேண்டும். தெருவோரச் சாக்கடை அடைப்பு ஒன்று. சாலைக்கு அடியில் போட்ட குழாய் சிறியதாக இருப்பது வேறொன்று. ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்கால் இன்னொன்று. ஆக்கிரமிப்பால் குறுகியது மற்றொன்று. இவை எதுவுமே இல்லாமல், ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்ததாலோ கடலோரத்தில் ஓதம் ஏறியதாலோ வடிகால் வடியாமல் எதிர்த்து நிற்பதும் உண்டு. காரணம் மாறினால் போக வேண்டிய அலுவலகமும் மாறும். சாக்கடை ஊராட்சியுடையது. சாலைக் குழாய், சாலை யாருடையதோ அவருடையது; ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா என்று பார்க்க வேண்டும். ஏ, பி பிரிவு என்னும் பெரிய வாய்க்கால்களை நீர்வளத் துறையும், அவற்றிலிருந்து கிளைக்கும் சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையும் தூர்வாருகின்றன. குளங்களிலும் ஊராட்சிக் குளம், ஒன்றியக் குளம், கோயில் குளம் என வேறுபாடு உண்டு; கோயில் குளத்தில் கை வைக்க அறநிலையத் துறையின் ஒப்புதல் வேண்டும். இதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்து, ஊரின் வாய்க்கால், குளம் ஒவ்வொன்றையும் புல எண்ணோடும் உரிய துறையோடும் ஒரு முறை பட்டியலிட்டுக்கொண்டால் போதும். அந்தப் பட்டியல் பல ஆண்டுகளுக்கு உதவும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் நம் மனுக்களில் பாதி தவறான மேசைக்குப் போய்த் திரும்பி வருகின்றன.

புயல் ஆண்டானால் தனி அத்தியாயம் வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாததால் குடிநீர் நின்றுபோன ஊர்கள் பல. மின்சாரம் எத்தனை நாளில் வந்தது, அதுவரை தொட்டியை நிரப்ப மின்னாக்கி எங்கிருந்து கிடைத்தது, பள்ளியிலோ பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்திலோ தங்கியவர்கள் எத்தனை பேர் என்பவற்றை அந்த ஆண்டிலேயே எழுதி வைத்தால், அடுத்த புயலின்போது புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

நெல் கொள்முதலைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். நிலையத்துக்கு இடம், அங்கே செல்லும் சாலை, வெளிச்சம் ஆகியவற்றில் ஊராட்சி என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லி, நெல்லின் ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது போன்ற கோரிக்கைகளைத் தனித் தீர்மானமாக வையுங்கள்.

முடியாமற்போனவற்றை எழுதும் முறை

இங்குதான் பெரும்பாலான அறிக்கைகள் தடுமாறுகின்றன. ஒரு மாதிரியைப் பாருங்கள். ‘கீழத்தெருவில் மழைநீர் தேங்குவதைத் தடுக்க உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’ இதில் யார், எப்போது, என்ன என்று எதுவும் இல்லை. அதையே இவ்வாறு எழுதலாம்: ‘கீழத்தெருவில் நவம்பர் மாதத்தில் ஏழு நாள் தண்ணீர் நின்றது. தெருவின் தென்கோடியில் உள்ள சிறு பாலத்தின் குழாய் மண்ணால் அடைபட்டிருந்ததே காரணம். அதைச் சீர்செய்வது ஊராட்சியின் பொறுப்பு. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியும் மழைக்குமுன் வேலையைத் தொடங்கவில்லை. மே மாத இறுதிக்குள் பொது நிதியிலிருந்து இந்த வேலை முடிக்கப்படும். மூன்றாவது வார்டு உறுப்பினர் மேற்பார்வையிடுவார்.’ படிப்பவருக்குக் கூச்சம் தரும் வாக்கியங்கள்தாம். ஆனால் கேட்பவர் வாயை அடைக்கக்கூடியவையும் இவையே, ஏனெனில் அவர் சொல்ல நினைத்ததை ஊராட்சியே முதலில் சொல்லிவிட்டது.

தடைகளைப் பணமின்மை, அதிகாரமின்மை, ஊருக்குள் உடன்பாடின்மை, நம் தாமதம் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்காவது வகையில் ஒன்றும் இல்லாத அறிக்கையை ஊர் நம்பாது. வேறு துறையின் கையில் உள்ளவற்றுக்கு மனு கொடுத்த நாள், பெற்ற ஒப்புகை, வந்த பதில் ஆகிய மூன்றையும் தர வேண்டும். மனுவே கொடுக்கவில்லையென்றால் அது அதிகாரமின்மை அன்று, நம் தாமதம்.

சபையில் படிப்பது

அறிக்கை இருபது நிமிடத்துக்குள் படித்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். விரிவான அட்டவணைகளைத் தனியே சுவரில் ஒட்டிவிடலாம். கிராம சபை செல்லுபடியாக, மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை அரசு 2022-இல் கைவிடச் சொல்லிவிட்டதால், ஒலிபெருக்கி வண்டியும் வாட்ஸ்அப் குழுக்களும் நியாயவிலைக் கடைச் சுவரும்தாம் இப்போது அறிவிப்புக்குரிய வழிகள். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் குடிநீர்ப் பகுதியை மட்டும் இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் திருத்தும் எண்கள் அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

படித்து முடித்ததும் சொல்லப்படும் மறுப்புகளை, அவை பிழையாகத் தோன்றினாலும், தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். திருத்திய படியை அலுவலக அறிவிப்புப் பலகையிலும் நூலகத்திலும் வைத்து, ஒரு படியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் பணிகளைப் பற்றிய விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்வதால், இதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிறகு, வடிகால் பகுதியில் நீர்வளத் துறைக்கும் வேளாண் பொறியியல் துறைக்கும் உரியவற்றைத் தனித்தனி மனுக்களாக்கி, கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடும் புல எண்களோடும், தேங்கிய நாட்களில் எடுத்த படங்களோடும் மே இரண்டாம் வாரத்துக்குள் உதவிப் பொறியாளர் அலுவலகங்களில் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அந்த ஒப்புகைகளின் எண்களும் தேதிகளும் அடுத்த ஆண்டறிக்கைக்கான கோப்பின் முதல் தாளாக இருக்கட்டும்.